நாற்பது வயதில் கால் ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை?

டான்ஸ் கிளாஸில் புதிதாகச் சேர்ந்த பெரியவர்களைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடலாம். முழங்கால் மடங்காது. தோள் இரண்டும் காதருகே ஏறி நிற்கும். காலைக் கவனித்தால் கை அந்தரத்தில் நின்றுவிடும். கையைக் கவனித்தால் கால் அடுத்த கவுண்டைக் கோட்டை விடும். "வயசாயிடுச்சு, உடம்பு வளையல" என்று அவர்களே சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் அதே ஆள் கீழே விழுந்த சாவியைக் குனிந்து எடுக்கும்போது எல்லா மூட்டும் ஒழுங்காகத்தான் வளைகிறது!

இந்த விறைப்புக்கான விளக்கம் சோவியத் விஞ்ஞானி நிகோலாய் பெர்ன்ஸ்டைனிடமிருந்து வருகிறது. 1920களில் அவர் மாஸ்கோவில் தொழிலாளர்கள் சுத்தியலால் உளியை அடிப்பதைப் படம் பிடித்து ஆராய்ந்தார். கைதேர்ந்த தொழிலாளியின் சுத்தியல் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தது. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் மட்டும் அடிக்கு அடி கொஞ்சம் மாறிக்கொண்டே இருந்தன. ஒன்று பிசகினால் இன்னொன்று ஈடுகட்டியது. இத்தனை மூட்டுகளையும் மூளை எப்படி மேய்க்கிறது என்பதுதான் பெர்ன்ஸ்டைனின் கேள்வி. தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்குமே ஏழு விதமான அசைவுகள் இருக்கின்றன. புதிதாகக் கற்பவரின் மூளை அத்தனையையும் கையாள முடியாமல், பாதி மூட்டுகளைப் பூட்டிவிடுகிறது. மூட்டின் இரு பக்கத் தசைகளும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. அசைவு குறைந்தால் கணக்கும் குறையும், விழும் ஆபத்தும் குறையும்.

அதனால்தான் மாஸ்டர் வியர்க்காமல் ஆடும் அதே ஸ்டெப்புக்கு நமக்கு மூச்சு வாங்குகிறது. நம்முடைய தசைகள் ஒன்றையொன்று எதிர்த்து மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. "உடம்பைத் தளர்த்துங்க" என்று மாஸ்டர் எத்தனை முறை கத்தினாலும் பெரிய பலன் இருக்காது. ஸ்டெப் பழகப் பழகப் பூட்டு தானாகக் கழலும். அதுவரை வேகத்தைக் குறைத்துக்கொள்வதுதான் உருப்படியான வழி.

அடுத்தது தாளம். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் அரை விநாடிதான் இடைவெளி. ஒரு சத்தத்தைக் கேட்டு, அதற்குப் பதிலாக விரலை அசைக்கவே சுமார் 0.15 விநாடி பிடிக்கும். அப்படியானால் தட்டைக் கேட்ட பிறகு காலை நகர்த்துபவர் எப்போதும் பின்தங்கித்தான் இருப்பார். நன்றாக ஆடுபவர் தட்டைக் கேட்டு ஆடுவதில்லை. அது எப்போது விழும் என்று கணித்து, அதற்கு முன்பே காலைத் தூக்கிவிடுகிறார். மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் டிக் டிக் ஒலிக்கு விரலால் தட்டச் சொல்லும் சோதனைகளில், பெரும்பாலானோரின் விரல் ஒலிக்கு ஒரு நொடியின் நூறில் சில பங்கு முன்னதாகவே விழுகிறது. அதாவது கணிக்கும் திறமை ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கிறது. தாளமே பிடிபடாதவர்கள் மிக அரிது. "எனக்குத் தாள ஞானமே கிடையாது" என்பவர்களில் பலர் பாட்டுக்கு நடுவே தன்னை அறியாமல் தலையாட்டிக்கொண்டுதான் அதைச் சொல்கிறார்கள். சிக்கல், தலைக்குத் தெரிந்த தாளத்தைப் பாதத்துக்கு மாற்றுவதில். ஸ்டெப் எதுவும் போடாமல், பாட்டுக்கு உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொண்டு மட்டும் இருப்பது சலிப்பான பயிற்சிதான். ஆனால் வேலை செய்யும்.

சரி, கற்றது எங்கே போய்த் தங்குகிறது? 1953இல் வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்குப் புதிய நினைவுகள் பதிவதே நின்றுபோனது. கண்ணாடியில் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் கோட்டோடு கோடு வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு மூன்று நாள் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் அது அவருக்குப் புத்தம்புது வேலை. கைக்கு மட்டும் அப்படியில்லை; நாளுக்கு நாள் பிழை குறைந்தது. அசைவுகளின் நினைவு தனிப்பாதையில் பதிகிறது; சிறுமூளையும் மூளையின் ஆழத்திலுள்ள சில நரம்புத் திரள்களும் சேர்ந்து அதைப் பதிக்கின்றன. சொல்லிப் புரியவைத்தால் மட்டும் அந்தப் பாதை திறக்காது. செய்து, தவறி, மறுபடி செய்ய வேண்டும்.

எப்படிச் செய்வது என்பதில் ஒரு விநோதம் உண்டு. 1979இல் ஷே, மோர்கன் என்ற இரு ஆய்வாளர்கள், கையில் டென்னிஸ் பந்தோடு சிறு மரத் தடுப்புகளை வரிசைப்படி தட்டிவிடும் மூன்று விதமான அசைவுகளைச் சிலருக்குப் பழக்கினார்கள். ஒரு குழு ஒன்றை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழுவுக்கு மூன்றும் கலந்து கலந்து வந்தன. பயிற்சியின்போது முதல் குழுதான் வேகம். பிற்பாடு சோதித்தபோது கலந்து பழகியவர்களே முந்தினார்கள். கிளாஸில் ஒரே ஸ்டெப்பை நாற்பது முறை போட்டு "வந்துடுச்சு" என்று திருப்தியாகக் கிளம்புபவர், அடுத்த வாரம் வெறும் கையோடு வந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்புறம் தூக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. பழகிய அசைவு இரவில் கெட்டிப்படுவது பல சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

வயது உண்மையிலேயே கைவைக்கிற இடம் ஒன்று உண்டு: தசைநாண். புதுப் பயிற்சிக்குத் தசை சில வாரங்களில் வலுவாகிவிடும். தசையை எலும்போடு கட்டும் நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது ஈடுகொடுக்க மாதங்கள் ஆகும். வயது ஏற ஏற இன்னும் மெதுவாகும். இரண்டாவது மாதம், "இப்போதான் கால் நல்லா வருது" என்று ஆசையாக எம்பிக் குதிக்கத் தொடங்கும்போது குதிகால் நாண் வலிப்பது இதனால்தான். பயிற்சிக்கு மறுநாள் தொடை முழுக்க வலித்தால் கவலை வேண்டாம், அது இரண்டு மூன்று நாளில் போய்விடும். குதிகாலுக்கு மேலே ஒரே இடத்தில், காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது சுருக்கென்று குத்தினால் குதிப்பதை நிறுத்திவிடுங்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.