ஓசோன் விளைவது ஓரிடம், குவிவது வேறிடம்

ஓசோனை உருவாக்குவது சூரியனின் புற ஊதாக் கதிர். அது மிகுதியாக விழுவது நிலநடுக்கோட்டுப் பகுதியில். அப்படியானால் ஓசோனும் அங்கேதானே மிகுந்திருக்க வேண்டும்? அளந்து பார்த்தால் நேர்மாறாக இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு மேலே உள்ள ஓசோன் முழுவதையும் தரைக்குக் கொண்டுவந்து பரப்பினால் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் தடிமன் தேறும். வட துருவத்தை ஒட்டிய பகுதிகளில் வசந்த காலத்தில் அது 4 மில்லிமீட்டரையே தாண்டிவிடும். ஓசோன் பெரும்பாலும் இருக்கும் மேல் காற்றடுக்கான அடுக்கு மண்டலத்தில் காற்று துருவத்தை நோக்கி மெல்ல நகர்கிறதோ என்ற ஐயத்தை 1929-இலேயே எழுப்பினார் பிரிட்டிஷ் இயற்பியலாளர் கார்டன் டாப்சன்.

துப்பு கிடைத்தது ஓசோனில் அல்ல, நீராவியில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்துக்கு மேலே விமானங்களில் ஒரு கருவியைக் கொண்டுபோனார்கள். அதில் பளபளப்பாகத் தேய்த்த சிறு உலோகப் பரப்பு ஒன்று இருக்கும். அதைக் குளிர்வித்துக்கொண்டே போக வேண்டும். எந்த வெப்பநிலையில் உறைபனி படிகிறதோ, அது காற்றின் ஈரத்தைச் சொல்லிவிடும். அடுக்கு மண்டலத்துக்குள் நுழைந்ததும் உலோகத்தை மைனஸ் 80 டிகிரி அளவுக்குக் குளிர்வித்தால்தான் பனி படிந்தது. அவ்வளவு வறண்ட காற்று! ஆனால் அங்கே சுற்றியிருந்த காற்று அத்தனை குளிர்ச்சியாக இல்லை. சரி, ஈரம் எங்கே பிழியப்பட்டது? அந்த அளவு குளிர் நிலவுவது வெப்பமண்டலத்தில், சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில். காற்று அந்த வாசல் வழியாகத்தான் மேலே வந்திருக்க வேண்டும் என்று 1949-இல் எழுதினார் இயற்பியலாளர் ஆலன் புரூவர். எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் தர்க்கம் இது.

ஆக, காற்று வெப்பமண்டலத்தில் மேலேறி, ஓசோனையும் சுமந்துகொண்டு துருவங்களை நோக்கி நகர்ந்து, அங்கே இறங்குகிறது. இந்தச் சுழற்சியை நடத்துவது வெறும் சூடு அல்ல. மலைத்தொடர்களும், நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடும் பிரம்மாண்டமான காற்றலைகளை எழுப்புகின்றன. குளிர்காலத்தில் அவை மேலே ஏறி உடைந்து, அங்கே ஓடும் மேற்குக் காற்றின் வேகத்தைக் குறைக்கின்றன. வேகம் குறைந்த காற்று துருவப் பக்கம் சரிகிறது. அந்த இடத்தை நிரப்ப வெப்பமண்டலக் காற்று மேலே இழுபடுகிறது. ஆனால் ஒரு நாளைக்கு இருபது, முப்பது மீட்டர்தான் ஏறும்.

இந்த மந்தகதிதான் மற்ற வாயுக்களின் ஆயுளையும் தீர்மானிக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடும், ஒரு காலத்தில் குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளூரோகார்பன்களும் (சி.எஃப்.சி.) கீழே சிதைவதே இல்லை எனலாம். கடுமையான புற ஊதாக் கதிர் படும் உயரத்துக்குப் போனால்தான் உடையும். ஆனால் ஒரு சுற்றில் அவ்வளவு உயரம் போவது வளிமண்டலத்தின் சிறு பங்குதான். அதனால்தான் அவற்றில் ஒன்றான சி.எஃப்.சி.-11 ஏறக்குறைய 50 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கிறது.

காற்றின் வயதையும் அளக்கலாம். சல்பர் ஹெக்சாபுளூரைடு என்ற தொழிற்சாலை வாயு தரைமட்டத்தில் ஆண்டுதோறும் கூடுகிறது. அடுக்கு மண்டலத்தில் அழிவது மிகக் குறைவு. மேலே எடுத்த காற்றில் அது எவ்வளவு இருக்கிறதோ, அந்த அளவு தரையில் எந்த ஆண்டு இருந்தது என்று பார்த்தால் போதும். துருவங்களுக்கு மேலே, 25 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள காற்றுக்கு இப்படிக் கிடைக்கும் சராசரி வயது சுமார் 5 ஆண்டுகள்.