கறைப் பல்லுக்கு மருத்துவ நூலகம் வைத்த பெயர்

தர்மபுரி மாவட்டத்தின் பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் முன்பல்லில் பழுப்புக் கறையோடு சிரிப்பவர்கள் நிறையப் பேர். வெற்றிலைக் கறை இல்லை, எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் மிகுதியான புளோரைடு, பல் வெளியே வருவதற்கு முன்பே, ஈறுக்குள் எனாமல் உருவாகும் வயதிலேயே வேலையைக் காட்டிவிடுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு.

இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் தேடிய கல்லூரி மாணவி ஒருவர், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் 'புளோரைடு' என்று தட்டியிருக்கிறார். பல்லாயிரம் கட்டுரைகள் வந்து கொட்டின. பற்பசை, சொத்தைப் பல்லுக்குப் பூசும் வார்னிஷ், சோடியம் புளோரைடு செலுத்தி எலும்பை ஸ்கேன் செய்யும் முறை... "எல்லாத்துலயும் புளோரைடு இருக்கு சார், நம்ம ஊர்ப் பல்லுதான் இல்ல" என்றார்.

கணினி எழுத்தைப் பார்க்கிறது, விஷயத்தைப் பார்ப்பதில்லை. நம் கடைக்காரரிடம் ராகி என்றாலும் கேழ்வரகு என்றாலும் கேப்பை என்றாலும் ஒரே மூட்டையைத்தான் அவிழ்ப்பார். கணினிக்கு அவை மூன்று தானியம். இதே பல் நோயை ஒருவர் 'டென்டல் புளோரோசிஸ்' என்று எழுதுவார், இன்னொருவர் 'மாட்டில்ட் எனாமல்' என்பார்.

இதற்காகத்தான் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் 'மெஷ்' என்ற பொருள் தலைப்புப் பட்டியலை வைத்திருக்கிறது. சுமார் 30,000 தலைப்புகள். ஒரு விஷயத்துக்கு ஒரே பெயர். நம் கறைப் பல்லின் பெயர் 'புளோரோசிஸ், டென்டல்'. பெயரைத் திருப்பிப் போட்டுக் காற்புள்ளி வைப்பது அச்சு அட்டவணைக் காலத்துப் பழக்கம்: அகரவரிசையில் ஒரே இனத்துத் தலைப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கட்டுரை எந்தச் சொல்லில் எழுதப்பட்டிருந்தாலும், அதைப் படித்துப் பார்த்து இந்தச் சீட்டை ஒட்டுவார்கள். பயிற்சி பெற்றவர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்த வேலை; 2022 முதல் பெரும்பாலும் கணினி நிரலே ஒட்டுகிறது. வேகம் கூடியிருக்கிறது, ஆனால் கட்டுரையை உட்கார்ந்து படித்தவரின் சீட்டைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

தலைப்புகள் கிளை கிளையாகப் பிரிகின்றன. 'பல் நோய்கள்' என்று மேலே தேடினால் சொத்தை முதல் புளோரோசிஸ் வரை அடியில் உள்ளதெல்லாம் தானாகச் சேரும். போகிற போக்கில் நோயைத் தொட்டுச் செல்லும் கட்டுரை வேண்டாமா? தலைப்பு அதன் முதன்மைப் பொருளாக இருந்தால் மட்டும் காட்டு என்று கேட்கலாம். தடுப்பு முறை மட்டும் போதும் என்றால் அதற்கும் துணைத் தலைப்பு உண்டு.

சரி, நம்ம ஊர்? மெஷ் பட்டியலில் இந்தியா உண்டு, தர்மபுரி கிடையாது. ஆகவே நோய்க்குப் பொருள் தலைப்பு, ஊருக்குச் சாதாரணச் சொல், நடுவில் ஓர் 'ஆண்ட்', அதாவது இரண்டும் இருக்கும் கட்டுரையை மட்டும் காட்டு. ஊர் விஷயத்தில் இன்னொரு சிக்கல்: கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். அதற்கு முந்தைய கட்டுரைகளில் அந்தப் பக்கத்துக் கிராமங்களும் தர்மபுரி மாவட்டம்தான். அதனால் இரண்டு ஊர்ப் பெயரையும் 'ஆர்' (எது இருந்தாலும் சரி) போட்டு அடைப்புக்குள் வைக்கச் சொன்னேன். பட்டியல் ஒரே திரைக்குள் அடங்கிவிட்டது.

அடங்கியதும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். பப்மெட்டில் இருக்கும் எல்லாக் கட்டுரைக்கும் இந்தச் சீட்டு கிடையாது. புதிதாக வந்தவை காத்திருக்கலாம். சில இதழ்களின் கட்டுரைகளுக்குச் சீட்டே ஒட்டுவதில்லை. அப்புறம் நோயின் இரண்டு மூன்று பெயர்களையும் வெறும் சொல்லாகப் போட்டு இன்னொரு முறை தேடினோம். விட்டுப்போனவை அதில் வந்தன. அவற்றின் அடியில் மெஷ் தலைப்பு என்ற பகுதியே இல்லை.