வீட்லயே உரம் போட்டா குப்பை கட்டணம் கிடையாதா? வேலூர் பக்கம் சொல்ற கதைங்களும் நெஜ ரூல்ஸும்

மொதல்ல முக்கியமானத சொல்லிடறேன். சமையல்கட்டு குப்பையை வீட்லயே உரமாக்கியே ஆகணும்னு ஒரு சாதாரண வீட்டை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அதே மாதிரி நீங்க உரம் போடறீங்கன்றதுக்காக குப்பை கட்டணம் தானா குறையவும் குறையாது. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நெறைய பேர் ஏமாந்துனு இருக்காங்க, அதுலயும் வாடகைக்கு இருக்கறவங்களும் வயசானவங்களும்தான் ஜாஸ்தி.

எங்க தெருவுல ஒரு அம்மா, தனியா இருக்காங்க, லைன் வீடு. கழுத்துல டேக் மாட்டினு ஒருத்தன் வந்து "கவர்மென்ட் ரூல்ஸ்மா, வீட்டுக்கு ஒரு உரத் தொட்டி வாங்கியே ஆகணும், இல்லனா ஃபைன் வரும்"னு சொல்லி ஒரு பிளாஸ்டிக் டிரம்மை தள்ளிட்டு காசு வாங்கினு போயிட்டான். ரசீதுன்னு குடுத்தது வெறும் வெள்ளை துண்டு சீட்டு, சீல் இல்ல, நம்பர் இல்ல. அந்த டிரம்முக்கு அடியில ஓட்டையும் இல்ல, பக்கவாட்டுல காத்து போக ஒரு துளையும் இல்ல, மூடி மட்டும் டைட்டா. ஒரே வாரத்துல உள்ள தண்ணி நின்னு நாத்தம், புழு, ஹவுஸ் ஓனர் வந்து சத்தம். அந்தம்மா அதை விசாரிக்க மாநகராட்சி ஆபீஸ் போனா "நாங்க அப்படி யாரையும் அனுப்பலயேம்மா"ன்றாங்க, சரி எழுதிக் குடுங்கன்னா அதுக்கும் ஆள் இல்ல.

ரூல்ஸ் என்ன சொல்லுதுன்னா சுருக்கமா இவ்ளோதான். 2016 ஏப்ரல் 8ல வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை மூணா பிரிக்க சொல்லுச்சு. அதுக்கு பதிலா புது விதிகள் 2026 ஏப்ரல் 1லருந்து, அதுல நாலு: ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் டயப்பர் மாதிரி சானிட்டரி குப்பை, அப்புறம் பல்ப், காலாவதி மாத்திரை, பெயின்ட் டப்பா மாதிரி தனி கவனம் வேண்டியது. பிரிச்சு குடுக்கணும், தெருவுல கொட்டக்கூடாது, எரிக்கக்கூடாது, கட்டணம் கட்டணும். வீட்டோட கடமை அவ்ளோதான். வீட்டு உரத்தை ஊக்குவிக்கணும்ன்றது 2016லயே உள்ளாட்சியோட கடமைல எழுதியிருந்தாங்க, நாத்தம் இல்லாம பாத்துக்கணும்ன்ற நிபந்தனையோட. அந்த நிபந்தனையை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ வருது.

சாதுப்பேரி ஏரியில இந்த ஊரு குப்பையை வருஷக்கணக்கா கொட்டின கதை வேலூர்க்காரங்களுக்கு சொல்லத் தேவையில்ல. குப்பையை வளமாக்கற முறையை எடுத்துனு போன வேலூர் சீனிவாசன் இந்த ஊர்க்காரர்தான், சத்தீஸ்கர்ல அம்பிகாபூர் வரைக்கும் அது போயி பேர் வாங்கிடுச்சு. நம்ம ஊர்ல ஒரு உரத் தொட்டிக்கு பதில் சொல்ல ஆள் தேட வேண்டி இருக்கு, அதான் கடுப்பு.

சரி, கட்டணத்துக்கு வருவோம். குப்பை கட்டணம் சொத்து வரியோட சேர்ந்து அரையாண்டுக்கு ஒரு தடவை வருது, ஏப்ரல்-செப்டம்பர் ஒண்ணு, அக்டோபர்-மார்ச் ஒண்ணு. "நான்தான் குப்பையே போடறதில்லையே, எதுக்கு கட்டணும்"னு நெறைய பேர் அதை மட்டும் விட்டுட்டு வரியை கட்டப் பாக்கறாங்க. அப்படி செய்யாதீங்க. நீங்க குடுக்கலனாலும் தெரு கூட்டறது, உலர் குப்பை எடுக்கறதுக்குன்னு அதை போடறாங்க, கட்டாம விட்டா பாக்கியா நிக்கும், நாளைக்கு பேர் மாத்தவோ வீட்டை விக்கவோ போகும்போது அந்த பாக்கியை வெச்சு இழுப்பாங்க. உரம் போடறவங்களுக்கு தள்ளுபடின்னு கவுன்சில் தீர்மானமோ பைலாவோ (மாநகராட்சி போடற துணை விதி) இருந்தாதான் குறையும். கவுன்ட்டர்ல ஒருத்தர் "உரம் போடறீங்களா, அப்ப பாதி கட்டுனா போதும்"னு வாயால சொன்னா அதை நம்பி போயிடாதீங்க, அடுத்த வருஷம் அந்த சீட்ல வேற ஆள் உக்காந்திருப்பாரு. தீர்மான நம்பர் கேளுங்க. அது இல்லனா முழுசா கட்டிட்டு ரசீதோட மனு போடுங்க, கட்டினவன் கேக்கறதுக்குத்தான் மதிப்பு. வரியை ஏப்ரல்லயோ அக்டோபர்லயோ அந்த மொத மாசத்துக்குள்ள கட்டினா அஞ்சு சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபா ஊக்கத்தொகை உண்டு, இந்த சண்டையில அதையும் சேர்த்து விட்டவங்க இருக்காங்க.

வாடகை வீட்ல இருக்கறவங்க இதை படிங்க. பில் ஓனர் பேர்ல, ஓனரோட வரிவிதிப்பு நம்பர்லதான் வரும். ஒரே நம்பர்ல இருக்கற வீட்டை நாலு போர்ஷனா பிரிச்சு விட்டுட்டு, ஒவ்வொரு போர்ஷன்லயும் "குப்பை பணம்"னு மாசாமாசம் தனித்தனியா வாங்கற ஓனருங்க உண்டு. பில்லை காட்டச் சொல்லுங்க, ஆன்லைன்லயே பாக்கலாம், நகராட்சி நிர்வாகத்தோட இணையதளத்துல வரிவிதிப்பு நம்பர் போட்டா வந்துடும். இன்னொரு தந்திரம், நீங்க போயி புகார் குடுத்தா "ஓனரை கூட்டினு வாங்க"ன்னு திருப்பி அனுப்புவாங்க. வரியில திருத்தம் கேட்டா ஓனர் வேணும்தான், ஆனா குப்பை எடுக்கல, போலி ஆள் காசு வாங்கினான், நாத்தம்னு பொய் புகார் வந்துருக்குன்னு சொல்றதுக்கெல்லாம் ஓனர் எதுக்கு? அங்க குடியிருக்கறவர்னு எழுதிக் குடுத்தா போதும்.

அடுத்தது, உரம் போட ஆரம்பிச்சதும் நெறைய பேர் வண்டிக்கு குப்பையே குடுக்கறத நிறுத்திடறாங்க. அதுல ஒரு சிக்கல் இருக்கு. தெனமும் வர்ற தூய்மைப் பணியாளர்கிட்ட கணக்கு கேக்கறாங்க, எந்த வீடு குடுக்குது எந்த வீடு குடுக்கலன்னு. குடுக்காத வீடுன்னா தெருமுனையில கொட்டற வீடுன்னு அர்த்தம் பண்ணிக்கறாங்க, அப்புறம் எவனோ கொட்டுன மூட்டைக்கு உங்க வீட்டு கதவை தட்டி ஃபைன்ன்றாங்க. அதனால உலர் குப்பை, சானிட்டரி குப்பையை விடாம குடுங்க, அந்த அக்காகிட்டயும் மேஸ்திரிகிட்டயும் "ஈரக் குப்பை மேல மாடியில உரத்துக்கு போவுது"ன்னு ஒரு வார்த்தை சொல்லி தொட்டியையும் காட்டிடுங்க. ஃபைன் போட்டா ரசீது இல்லாம ஒத்தப் பைசா குடுக்காதீங்க. ரசீது புக்கு இல்ல, நாளைக்கு தரேன்னா பணமும் நாளைக்கு.

இப்ப அந்த நாத்தம் மேட்டர். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு போன் போட்டா போதும், சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து நிப்பாரு, ரூல்ஸ்லயே நாத்தம் இருக்கக்கூடாதுன்னுதானே இருக்குன்னு சொல்லி எடுக்கச் சொல்வாரு. வாக்குவாதம் பண்ணி ஜெயிக்க முடியாது, தொட்டி நாறாம இருந்தா மட்டும்தான் ஜெயிக்கலாம். அதுக்கு ஈரக் குப்பை ஒரு பங்குன்னா காஞ்ச சருகோ தென்னை நார்த் தூளோ குறைஞ்சது அதே ஒரு பங்கு, மேல கொஞ்சம் புளிச்ச மோர் இல்லனா சாணித் தண்ணி, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கிளறி விடுங்க, அடியிலயும் பக்கத்துலயும் ஓட்டை கட்டாயம். கையில பிடிச்சு பிழிஞ்சா தண்ணி சொட்டக்கூடாது, ஆனா விரல்ல ஈரம் ஒட்டணும், அதான் பதம். மீந்த பிரியாணி, எலும்பு, எண்ணெய் சட்டி கழுவுனது எதுவும் வேணாம், எலி வரும், நாத்தம் வரும், புகாரும் வரும். கத்திரிக்கா காம்பு, வாழைப்பழத் தோல், டீத்தூள், முட்டை ஓடு எல்லாம் தாராளமா போடலாம். நம்ம ஊர் மே மாச வெயில்ல தொட்டி நாறறதைவிட காஞ்சு போறதுதான் அதிகம், அப்ப மக்கறது நின்னுடும், நெழல்ல வெச்சு அப்பப்ப தண்ணி தெளிங்க. ஒழுங்கா பாத்துக்கிட்டா ரெண்டு மாசத்துல மண் வாசனையோட கருப்பா வந்துடும். பெருசா பழுப்பு கலர்ல புழு நெளிஞ்சா பயப்படாதீங்க, அது கடிக்காது, குப்பையைத்தான் தின்னுது.

மண்புழு கிட்டுன்னு ஒண்ணு விக்கறாங்க, "மானியத்துல தரோம்"னு வேற. 35 டிகிரி தாண்டினா மண்புழு தாங்காது. வேலூர் மொட்டை மாடியில கோடைக்கு 40ஐ தாண்டும், அங்க வெச்சா செத்துப் போகும், அப்புறம் மறுபடி புழு வாங்க அவன்கிட்டயே போவீங்க.

சருகு கிடைக்கலன்னு காசு குடுத்து நார்த் தூள் வாங்கறவங்க, காலையில தெருவுல சருகை கூட்டி எரிக்கறவங்ககிட்ட ஒரு கோணியை நீட்டுங்க. திறந்தவெளியில குப்பை எரிச்சா 5,000 ரூபா அபராதம்னு பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர்லயே சொல்லிடுச்சு, அதை நல்லவிதமா எடுத்துச் சொன்னா சருகும் கிடைக்கும் புகையும் நிக்கும்.

ஃப்ளாட்ல இருக்கறவங்களுக்கு வேற மாதிரி மெரட்டல். "நீங்க மொத்தக் குப்பை உருவாக்கறவங்க லிஸ்ட்ல வரீங்க, லட்ச ரூபா மெஷின் போட்டே ஆகணும்"னு அசோசியேஷன்ல வந்து நிக்கறான் ஒரு ஏஜென்ட், கையில ஏதோ நோட்டீஸ் ஜெராக்ஸ். அந்த லிஸ்ட்ல பெரிய அளவுல குப்பை போடற இடங்கதான் வரும். பழைய விதியில அளவு ஒண்ணே ஒண்ணு, ஒரு நாளைக்கு 100 கிலோ. புது விதியில மூணு, அதுல எது பொருந்தினாலும் மாட்டிக்குவீங்க: தரைப்பரப்பு 20,000 சதுர மீட்டர், இல்ல தண்ணி ஒரு நாளைக்கு 40,000 லிட்டர், இல்ல அதே 100 கிலோ. கணக்கு போட்டு பாருங்க. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணின்னு வெச்சா, வீட்டுக்கு நாலு பேர்னா 540. சுமார் 75 வீடு இருந்தாதான் 40,000 வரும். இருபது வீடு ஃப்ளாட்டு எந்த வழியில போனாலும் இதுல வராது. ஆனா எண்பது வீடு இருக்கற இடத்துல "நாங்க 100 கிலோ போடலயே"ன்னு தைரியமா இருக்காதீங்க, தண்ணி கணக்குல புடிச்சுடுவாங்க. சந்தேகம்னா ஒரு வாரம் குப்பையை தராசுல போட்டு எழுதி வைங்க, வாட்ச்மேனும் செக்ரட்டரியும் கையெழுத்து போடட்டும். நோட்டீஸ்னு வந்தா ஒரிஜினல் கேளுங்க, கடித நம்பர், தேதி, அதிகாரி கையெழுத்து இல்லாத ஜெராக்ஸுக்கு மெஷின் வாங்காதீங்க.

தோட்டக்கலைத் துறையோட மாடித் தோட்ட கிட்டை கேட்டு மாநகராட்சிக்கு போறவங்களும் இருக்காங்க, அது வேற துறைங்க. 2022ல 900 ரூபா கிட்டு பாதி விலைக்கு, 450க்கு குடுத்தாங்க, ஒருத்தருக்கு ரெண்டு வரைக்கும். அதுல வர்றது வளர்ப்புப் பை, நார்க் கழிவு, விதை, டிரைக்கோடெர்மா (செடி நோயை தடுக்கற நல்ல பூஞ்சை) மாதிரி சாமான், உரத் தொட்டி வராது. மானியம் வருஷா வருஷம் மாறும், ஸ்டாக் இல்லன்னும் சொல்வாங்க, அப்ப வெறுங்கையோட திரும்பாம பதிவு பண்ணிட்டு வாங்க, உழவன் செயலியிலயும் பாத்துடுங்க.

கே.வி.குப்பம், அணைக்கட்டு பக்கம் ஊராட்சியில இருக்கறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. "உரக்குழிக்கு பத்தாயிரம் மானியம் வாங்கித் தரேன், முன்னாடி ஐநூறு குடு"ன்ற ஆளை வாசல்லயே அனுப்பிடுங்க. 2020ல ஆரம்பிச்ச தூய்மை பாரத கிராமத் திட்டம் ரெண்டாம் கட்டத்துல 5,000 பேருக்குள்ள இருக்கற ஊருக்கு திடக்கழிவுக்குன்னு ஒதுக்கினதே தலைக்கு 60 ரூபா, அதுக்கு மேல இருந்தா 45. மூவாயிரம் பேர் ஊருக்கே ஒண்ணே முக்கா லட்சம் சொச்சம்தான், இதுல உங்களுக்கு தனியா பத்தாயிரம் எங்கருந்து வரும்? குழி வேணும்னா கிராம சபையில பேரை பதிவு பண்ணச் சொல்லுங்க, வருஷத்துக்கு ஆறு கூட்டம் இருக்கு. கிளர்க்கை கேட்டா பிடிஓ ஆபீஸ் போன்னுவாரு, பிடிஓ ஆபீஸ்ல கேட்டா ஊராட்சியில கேளுன்னுவாங்க, தீர்மானப் புத்தகத்துல பேர் ஏறினா இந்த பந்து விளையாட்டு பாதி நிக்கும்.

மனு குடுக்கறது எப்படின்னா, எங்க குடுத்தாலும் ரெண்டு காப்பி. ஒண்ணுல சீலும் தேதியும் வாங்காம தபால் செக்‌ஷனை விட்டு நகராதீங்க. "வெச்சுட்டு போங்க சார், பாத்துக்கறோம்"னா வெளிய வந்து ஸ்பீடு போஸ்ட்ல அதையே ஆணையருக்கு அனுப்பிடுங்க, அந்த ரசீதே சாட்சி. பதில் இல்லனா திங்கக்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்வு நாள், இல்லனா முதல்வர் ஹெல்ப்லைன் 1100க்கு போன். 1100ல குடுத்த புகார் "தீர்வு செய்யப்பட்டது"ன்னு மெசேஜ் வந்து மூடிக்கும், ஆனா குப்பை அங்கயேதான் கிடக்கும். அப்படி மூடினா அதே நம்பரை சொல்லி திரும்ப திறக்கச் சொல்லுங்க, கூடவே போட்டோ.

கட்டணம் பத்தி சண்டைன்னா தகவல் உரிமைச் சட்டம்தான் வேலை செய்யுது. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க. "ஏன் எனக்கு தள்ளுபடி இல்ல"ன்னு கேக்காதீங்க, ஏன்னு கேட்டா "கருத்து கேட்கப்பட்டுள்ளது, தகவல் அல்ல"ன்னு ஒரு வரியில முடிச்சுடுவாங்க. குப்பை கட்டணத்துக்கான தீர்மானத்தோட நகல், பைலாவோட நகல், வீட்டு உரத்தை ஊக்குவிக்க இந்த வருஷம் செஞ்ச செலவோட கணக்கு நகல், இப்படி காகிதமா கேளுங்க. முப்பது நாள்ல பதில் வரலனா அடுத்த முப்பது நாளுக்குள்ள அதே ஆபீஸ்ல இருக்கற மேல்முறையீட்டு அலுவலருக்கு போடணும், அதுக்கு ஃபீஸ் கிடையாது. கவர் மேலயும் உள்ள மொத வரியிலயும் "முதல் மேல்முறையீடு"ன்னு பெருசா எழுதிடுங்க, இல்லனா அதையும் சாதா மனுக் கட்டுல சொருகிட்டு "எங்களுக்கு வரவே இல்ல"ன்னுவாங்க.