தண்ணீர் பட்டால் குணம் மாறும் குளோரின்

2005 ஜனவரி 6, அதிகாலை 2.39 மணி. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் கிரானிட்வில் என்ற நெசவாலை ஊர். கிளைப்பாதைக்குத் திருப்பப்பட்ட தண்டவாளப் பாயிண்டைப் பழையபடி மாற்றிவைக்காமல் விட்டுவிட்டார்கள். நேராகப் போயிருக்க வேண்டிய சரக்கு ரயில் கிளைப்பாதைக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த ரயில்மீது மோதியது. தடம் புரண்டவற்றில் ஒரு குளோரின் டேங்கர் கிழிந்து, சுமார் 60 டன் வெளியேறியது. குளோரினைச் சுவாசித்து ரயில் ஓட்டுநரும் மேலும் 8 பேரும் இறந்தார்கள். சுமார் 5,400 பேர் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

மக்கள் திரும்பிவந்த பிறகும் சேதம் நிற்கவில்லை. பக்கத்து ஆலையில் இயந்திரங்களும் மின்னணுப் பலகைகளும் அரித்துப்போயிருந்தன. 2006இல் ஆலை மூடப்பட்டது.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. அந்தக் குளோரின் வந்ததே எஃகு டேங்கரில்தான். டேங்கரை ஒன்றும் செய்யாத வாயு, ஆலையின் இரும்பை மட்டும் ஏன் தின்றது?

விடை, காற்றிலிருந்த ஈரம். துளிகூட ஈரமில்லாத குளோரின் சாதாரண வெப்பநிலையில் எஃகின்மேல் மெல்லிய இரும்பு குளோரைடு படலத்தை உண்டாக்கும். அந்தப் படலமே மேலும் அரிப்பைத் தடுத்துவிடும். ஈரம் சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைப்போகுளோரஸ் அமிலமும் உருவாகின்றன. படலம் கரைந்துபோகும், உலோகமும் கூடவே போகும். அதனால்தான் உப்புக்கரைசலில் மின்சாரம் செலுத்திக் குளோரின் எடுக்கும் ஆலைகளில், அதை அடர் கந்தக அமிலத்தின் வழியே அனுப்பி உலர்த்திய பிறகே உருளையில் அடைக்கிறார்கள். டைட்டானியத்தின் கதை தலைகீழ்: ஈரக் குளோரினைத் தாங்கும், உலர் குளோரினில் தீப்பற்றி எரியும். ஈரக் குளோரின் ஓடும் குழாய்க்கு வாங்கிவைத்த டைட்டானியத்தை, விலை உயர்ந்தது என்பதற்காக உலர் குளோரின் குழாயில் மாட்டினால் விபரீதம்தான். எஃகும் சுமார் 250 டிகிரி செல்சியஸுக்குமேல் குளோரினிலேயே எரியத் தொடங்கும். ஆகவே குளோரின் உள்ள குழாயில் வெல்டிங் வைப்பதும், வாயு வேகமாக வரட்டும் என்று உருளைக்குத் தீ காட்டுவதும் கூடவே கூடாது.

நம் உடம்பில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கண், மூக்கு, தொண்டை, நுரையீரல் எல்லாமே நனைந்த பரப்புகள். ஆலை இரும்பில் நடந்த அதே வேதிவினை இங்கும் நடக்கிறது. வேறு இரண்டு வாயுக்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அம்மோனியா நீரில் மிக எளிதாகக் கரையும். மூக்கிலும் தொண்டையிலுமே பெரும்பகுதி பிடிபட்டு, ஆளை ஓடவைத்துவிடும். பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு அரிதாகவே கரையும். ஓசையில்லாமல் நுரையீரலின் அடிவரை இறங்கும். குளோரின் இரண்டுக்கும் நடுவே நின்று, மூக்கையும் தொண்டையையும் எரிக்கும், நுரையீரலின் அடியையும் தாக்கும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது பல மணி நேரம் கழித்தும் தெரியலாம். இருமல் நின்றுவிட்டது என்று வீட்டுக்கு நடந்துபோனவர் இரவில் மூச்சுக்குத் திணறுவது அப்படித்தான். முறிவு மருந்து இல்லை. ஆக்சிஜனும் ஓய்வும் மருத்துவர்களின் கண்காணிப்பும்தான் வழி.

காற்றில் குளோரின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே நெடி தெரியும். பத்துப் பங்கு இருந்தால் உயிருக்கு உடனடி ஆபத்துள்ள நிலை. ஆனால் மூக்கை அளவுகோலாக நம்பக் கூடாது, சிறிது நேரத்தில் அதற்கு நெடி பழகிவிடும்.

கசிவு என்றதும் தண்ணீர்க் குழாயைத் தேடுவது மனித இயல்பு. இங்கே அது பெரிய தவறு. கசியும் இடத்தில் ஊற்றிய தண்ணீர் அமிலமாகி ஓட்டையைப் பெரிதாக்கும். மேலும், உருளைக்குள் இருப்பது அழுத்தத்தில் திரவமாக்கப்பட்ட குளோரின். சாதாரண அழுத்தத்தில் அது கொதிப்பது மைனஸ் 34 டிகிரியில். நமக்குக் குளிர்ந்ததாகத் தெரியும் தண்ணீர் அதற்கு அடுப்பு. பயிற்சி பெற்றவர்கள் மூச்சுக்கருவி அணிந்துகொண்டு முதலில் செய்வது, கசியும் உருளையைத் திருப்பி ஓட்டையை மேற்புறம் கொண்டுவருவது. மேலே வாயு, கீழே திரவம். ஒரு லிட்டர் திரவம் சுமார் 450 லிட்டர் வாயுவாக விரியும் என்பதால், ஓட்டை அதே அளவாக இருந்தாலும் வாயுவாகக் கசிவதைவிடத் திரவமாகக் கசிவது பல மடங்கு மோசம்.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க அம்மோனியா நீர் உள்ள பிழிகுப்பியை இணைப்புகளுக்கு அருகே காட்டுவார்கள். ஆவி மட்டும் படவேண்டும், குளோரின் இருந்தால் வெண்புகை எழும். திரவமே பித்தளை வால்வில் பட்டால் அதுவும் அரிக்கும். கசிந்த வாயுவைக் காஸ்டிக் சோடா கரைசலிலோ சுண்ணாம்புப் பாலிலோ செலுத்திக் கட்டுப்படுத்துவார்கள்.

மற்றவர்கள் செய்யவேண்டியது ஓடுவதுதான், ஆனால் திசை பார்த்து. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. பள்ளத்திலும் நிலவறையிலும் போய்த் தேங்கும். எனவே காற்று வீசும் போக்குக்குக் குறுக்காக விலகி, மேட்டை நோக்கிப் போகவேண்டும்.

காஸ்டிக் சோடாவில் பிடித்த குளோரின் ஹைப்போகுளோரைட்டாகிறது. நம் வீட்டு வெளுப்பான் அதுதான். பிளீச்சிங் பவுடரும் நெருங்கிய உறவு. காஸ்டிக் சோடா போன்ற காரம் பிடித்துவைத்ததை அமிலம் அவிழ்த்துவிடும். பிளீச்சிங் பவுடர் தூவிய கழிவறையில் அமிலம் கலந்த கிளீனரையும் ஊற்றினால், கதவடைத்த அந்தச் சிறிய அறைக்குள் கிளம்புவது அதே குளோரின். நெடி மூக்கைத் துளைத்தால் வாளியை எட்டிப் பார்க்கவேண்டாம். கதவைத் திறந்து போட்டுவிட்டு முதலில் வெளியே வாருங்கள்.