வில்லன் வந்தால் கேமரா தரைக்குப் போக வேண்டுமா?

மாணவர்களின் குறும்படங்களைப் பார்த்து ஒளிப்பதிவைத் திருத்திச் சொல்வதும் என் வேலைதான். இந்த வாரம் வந்ததிலும் அதே கதை. கெட்டவன் நுழைந்ததும் கேமரா தரைக்கு இறங்குகிறது, முகத்தில் சிவப்பு விளக்கு விழுகிறது. நல்லவனுக்கு ஜன்னல் வெளிச்சம். ஏன் என்று கேட்டால், "லோ ஆங்கிள் வைத்தால் வில்லன் என்று புரிந்துவிடும் சார்" என்கிறார்கள்.

புரியாது. எத்தனை பேருக்குத்தான் சொல்வது! கீழிருந்து எடுத்தால் ஆள் ஓங்கித் தெரிவார், அவ்வளவுதான். அவர் காக்க வருகிறாரா, அடிக்க வருகிறாரா என்பதை முந்தைய ஷாட்டும் எதிரே நிற்பவரும்தான் சொல்ல வேண்டும். ஓங்கித் தெரிந்தால் பலசாலி என்றுகூட அர்த்தமில்லை. 1941இல் வந்த 'சிட்டிசன் கேன்' படத்தில், தேர்தலில் தோற்ற நாயகன் கேனைத் தரையைத் தோண்டிக் கேமராவை இறக்கித்தான் எடுத்தார்கள். கோணம் அவ்வளவு தாழ்ந்ததால் அறையின் கூரையும் ஃபிரேமுக்குள் வந்து அவர் தலைமேல் கவிகிறது. ஆள் பெரிதாகத் தெரிகிறார், ஆனால் அவருக்குப் போக்கிடம் இல்லை. மேலிருந்து எடுக்கும் ஹை ஆங்கிளுக்கும் இதே பேச்சுதான். அதைத் தனியாக விளக்கப் போவதில்லை.

இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'தி காட்ஃபாதர்' (1972) படத்தில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் விளக்கை மேலே வைத்து, மாஃபியா தலைவராக நடித்த மார்லன் பிராண்டோவின் கண்களை நிழலில் விட்டார். கண் தெரியாதபோது அந்த ஆள் என்ன நினைக்கிறார் என்று நமக்குப் பிடிபடுவதில்லை. பயம் அங்கிருந்து வருகிறது. இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் 'எம்' (1931) படத்தில் கொலைகாரன் முதலில் வெறும் நிழல். அவனைப் பிடிக்க ஒட்டிய அறிவிப்பின் மேலேயே அது விழுகிறது, எதிரே ஒரு சிறுமி நிற்கிறாள். நிழலை மட்டும் எடுத்துக்கொண்டு சிறுமியை விட்டுவிடுகிறீர்களே!

லென்ஸைக் கையில் எடுக்கும் முன் கேளுங்கள்: இந்தக் காட்சியில் யாருக்கு யாரிடம் பயம்? கதவு யார் பக்கம் இருக்கிறது? யார் யாரை மறைத்து நிற்கிறார்? அப்புறம் சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு ஒத்திகை பாருங்கள். பயம் போய்விட்டால் ஆட்களை நிறுத்திய இடமே தப்பு. எடிட் முடிந்ததும் சத்தத்தை நிறுத்திவிட்டு, கதை தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள்.

இன்னொன்று, இதைக் கோபமாகவே சொல்கிறேன். கருப்பான நடிகரை வில்லனாகப் போட்டு, அவர் முகத்துக்கு விளக்கே வைக்காமல் 'மூட்' என்று சொல்லாதீர்கள். ஒரு காலத்தில் கோடாக் நிறுவனம் ஃபிலிம் கழுவும் ஆய்வகங்களுக்குக் கொடுத்த ஷெர்லி அட்டைகளில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். பிரிண்டின் நிறத்தை அதை வைத்துத்தான் சரிபார்த்தார்கள்; கருப்புத் தோல் சரியாக வரவில்லை என்றால் அதைச் சாக்காகச் சொல்லலாம். உங்கள் கையில் இருக்கும் டிஜிட்டல் கேமராவுக்கு அந்தச் சாக்கு கிடையாது. தயவுசெய்து முந்தைய நாளே அந்த நடிகரை உட்காரவைத்து ஒரு டெஸ்ட் எடுங்கள். பெரிய, மென்மையான விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, தோலில் அந்த ஒளி மின்னுவதைப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் ஒளியின் அளவை மட்டும் ஏற்றினால் பின்னால் இருக்கும் சுவர்தான் வெளுக்கும்.