ஊட்டி மூடுபனியும் நுரையீரலுக்கு வறட்சிதான்

மார்கழிக் காலையில் ஊட்டியில் மூடுபனி இறங்கி நிற்கும்போது, இதற்கு மேல் காற்றில் ஈரம் கொள்ளாது என்று தோன்றும். தோன்றுவது சரிதான், ஈரப்பதம் 100 சதவீதம். ஆனால் 10 டிகிரி குளிரில் ஒரு லிட்டர் காற்று தாங்கும் நீராவியே 9 மில்லிகிராம் சொச்சம்தான். நுரையீரலின் ஆழத்தில் இருக்க வேண்டியது 37 டிகிரி சூடும் லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீராவியும். இந்தக் கணக்கு கடல்மட்டத்திலும் 2,200 மீட்டர் உயரத்திலும் ஒன்றே. குறையும் 35 மில்லிகிராமை மூக்கும் தொண்டையும் மூச்சுக்கு மூச்சு தங்கள் ஈரத்திலிருந்து கொடுக்கின்றன. மூச்சை விடும்போது அதில் கொஞ்சத்தை மூக்கு திரும்பப் பிடித்தும் வைத்துக்கொள்கிறது.

ஐசியுவில் வென்டிலேட்டர் என்ற செயற்கை சுவாசக் கருவியோடு இணைக்க, வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் டியூப் போட்டதும் மூக்குக்கு வேலை இல்லாமல் போகிறது. போதாக்குறைக்கு, மருத்துவமனைக் குழாயில் வரும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஈரமே கிடையாது. அதை அப்படியே செலுத்தினால் சளி இறுகும், சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் ஓய்ந்துபோகும், டியூப்பே அடைத்துக்கொள்ளவும் கூடும். சளி இறுக இறுக அதை உறிஞ்சி எடுப்பதும் பெரும்பாடு. சக்‌ஷன் குழாய் உள்ளே போகும்போது இருமல் புரட்டி எடுக்கும். வென்டிலேட்டரிலிருந்து மீண்டவர்கள் பலருக்கு அது மறப்பதில்லை.

இதற்கு எளிய வழி, டியூப்பின் முனையில் மாட்டும் சிறிய ஃபில்டர். செயற்கை மூக்கு என்பார்கள். நோயாளி விடும் மூச்சின் ஈரத்தைப் பிடித்து அடுத்த மூச்சில் திருப்பித் தரும். சளி அதிகமாகவோ கெட்டியாகவோ இருந்தால் இது போதாது. அப்போது ஹியூமிடிஃபையர் வேண்டும்: சூடான நீரின் மேல் காற்றை ஓட்டி, 37 டிகிரியில் ஈரம் நிரப்பி அனுப்பும் கருவி.

மலையில் சிக்கல் தொடங்குவது இங்கேதான். கருவியிலிருந்து நோயாளி வரை குழாய் ஒன்றரை மீட்டர் நீளம் இருக்கும். அறை 20 டிகிரியில் இருந்து, காற்றும் வழியிலேயே அந்த அளவுக்கு ஆறிவிட்டால், அதில் தங்குவது 17 மில்லிகிராம்தான். மிச்சமெல்லாம் இட்லிப் பானை மூடியில் கோத்துக்கொள்வதுபோல் குழாயின் உட்புறம் நீராக வழியும். நுரையீரலுக்குச் சேர வேண்டிய ஈரம் அதற்குப் போய்ச் சேராது. அது மட்டுமா? தேங்கிய நீர் தளும்பினால் குழாயில் அழுத்தமும் காற்றோட்டமும் ஆடும். அதை நோயாளி மூச்சிழுக்கும் முயற்சி என்று எண்ணி, வென்டிலேட்டர் கேட்காத மூச்சைக் கொடுத்துவிடும். உள்ளே இருப்பவர் திணறுவார், கையை உதறுவார். பார்ப்பவர்களுக்கு அவர் முரண்டு பிடிப்பதாகத் தெரியும். மயக்க மருந்தைக் கூட்டுமுன் குழாயை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்பேன். சளி அடைப்பு, வலி, மூச்சின் அளவு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் குழாயைப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

இப்போது பல குழாய்களுக்குள் சூடாக்கும் கம்பி ஓடுகிறது. கருவியை விட்டுக் கிளம்பும் 37 டிகிரிக் காற்றை அது வழியில் இரண்டு மூன்று டிகிரி கூட்டியே வைத்திருக்கும். அதனால் நீர் பிரியாது. கம்பி இல்லாத குழாயில், தாழ்வான இடத்தில் வாட்டர் ட்ராப் என்ற சிறு கிண்ணம் இருக்கும். சிஸ்டர் அதை அவ்வப்போது கொட்டுவார். தேங்கிய நீரில் கிருமி வளரும். அது நோயாளி பக்கமும் போகக் கூடாது, ஹியூமிடிஃபையருக்கும் திரும்பக் கூடாது. ஜன்னல் காற்று குழாயில் நேராகப் படாமல் கட்டிலைத் தள்ளிப் போடுவதும் பலன் தரும்.

குளிருக்குப் பயந்து நம்மவர்கள் செய்யும் ஒன்று உண்டு. கம்பளியை இழுத்து, நோயாளியோடு சேர்த்துக் குழாயையும் போர்த்திவிடுவது! கம்பி உள்ள குழாயில் சூடு வெளியேற வழியில்லாமல் குழாய் உருகிப்போகும் ஆபத்து இருக்கிறது. போர்வை ஆளுக்கு மட்டும் போதும்.

சரி, இவ்வளவு ஈரம் கொடுத்தும் நோயாளி ஏன் தண்ணீர் தண்ணீர் என்று சைகை காட்டுகிறார்? அந்த ஈரக்காற்று டியூப்புக்குள்ளேயே நேராக மூச்சுக்குழலுக்குப் போய்விடுகிறது, வாயைத் தொடுவதே இல்லை. டியூப்பால் திறந்தே கிடக்கும் வாய் காய்ந்துகொண்டே இருக்கும். டியூப் இருக்கும்போது தண்ணீர் புகட்ட முடியாது. இறங்கினால் நுரையீரலுக்குள் போகலாம். அதனால் நனைத்த பஞ்சால் நாக்கையும் ஈறுகளையும் துடைத்து, உதட்டில் ஈரப்பசை தடவுவார்கள். ஐசியு நோயாளிகளை அதிகம் வாட்டும் தொல்லைகளில் தாகமும் ஒன்று. ஆகவே சில மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்யத்தான் வேண்டும்.