மின்சாரம் போனால் பல்லேடியம் மெம்ப்ரேனுக்கு என்ன ஆகும்?

போன வாரம் ஜோகன்னஸ்பர்கிலிருந்து தம்பி ஒருவர் கூப்பிட்டார். ஹைட்ரஜனைச் சுத்திகரிக்கும் பல்லேடியம் மெம்ப்ரேனை, அதாவது ஹைட்ரஜனை மட்டும் கடந்துபோக விடும் மெல்லிய உலோகப் படலத்தை, முதல்முறையாக நிறுவப்போகிறாராம். "ஜெனரேட்டர் இருக்கு, யூபிஎஸ் இருக்கு. போதும்ல அண்ணா?" என்று கேட்டார். போதாது. ஏன் என்று எழுதிவைத்தால் டர்பனிலும் கேப் டவுனிலும் இதே வேலையில் இருக்கும் நம்மவர்களுக்கும் உதவும்.

பல்லேடியம் தென்னாப்பிரிக்க மண்ணில் நிறையக் கிடைக்கும் உலோகம். ரஸ்டன்பர்க் பக்கத்துச் சுரங்கங்களில் பிளாட்டினத்தோடு சேர்ந்தே வெளியே வருகிறது. அதன் மேல் பட்ட ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிரிந்து, உலோகத்துக்குள் ஊடுருவி, மறுபக்கம் மறுபடி ஜோடி சேர்ந்து வெளியேறும். நைட்ரஜனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் அந்த வழி கிடையாது. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிகலனுக்கான (ஃபியூவல் செல்) சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 14687, கார்பன் மோனாக்சைடை 0.2 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 0.2 பங்கு) மேல் விடுவதில்லை. ஓட்டையில்லாத மெம்ப்ரேன் அதைச் சுலபமாக எட்டிவிடும்.

ஓட்டையில்லாத என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹைட்ரஜனைக் குடித்த பல்லேடியம் ஊறிய உளுந்து மாதிரி உப்பும். சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் அந்த உப்பல் சீராக நடக்கும். ஹைட்ரஜன் உள்ளே இருக்கும்போதே அதற்குக் கீழே ஆறவிட்டால், உலோகத்தின் ஒரு பகுதி வேறொரு நிலைக்கு மாறி, கன அளவில் ஏறக்குறைய 10 சதவீதம் பெருத்துவிடும். பக்கத்துப் பகுதி பழையபடியே இருக்கும். இந்த இழுபறியில் விரிசல் விடும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். லோட் ஷெடிங் (அட்டவணை போட்டுச் செய்யும் மின்வெட்டு) கடுமையாக இருந்த 2023-இல், நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் செராமிக் குழாய் மேல் சில மைக்ரான் தடிமனுக்குப் பூசிய தூய பல்லேடியம் இருந்தது. இரவில் மின்சாரம் போனது, ஜெனரேட்டர் பிடிக்கவில்லை. மெம்ப்ரேனைச் சூடாக வைத்திருக்கும் உலை ஆறிக்கொண்டே வந்தது, ஹைட்ரஜன் உள்ளேயே நின்றது. காலையில் சூடாக்கி, ஒரு பக்கம் நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, மறுபக்கக் குழாயைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தோம். குமிழி வரவே கூடாது. விடாமல் வந்தது. மாதக்கணக்கில் உழைத்துச் செய்த குழாய் அது. சாட்ஸ்வர்த்திலிருந்து வரும் எங்கள் டெக்னீஷியன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

விற்பவர்கள், "இதில் 23 சதவீதம் வெள்ளி கலந்திருக்கிறது, பயமில்லை" என்பார்கள். பாதி உண்மை. வெள்ளி கலந்தால் அந்த நிலைமாற்றம் மிகக் குறைந்த வெப்பநிலைக்குத் தள்ளிப்போகும், சரி. ஆனால் அந்தக் கலவையும் ஹைட்ரஜனில் உப்பத்தான் செய்யும். மெல்லிய பூச்சு தாங்கும் என்று நம்பி விடாதீர்கள்.

அப்புறம் நாங்கள் செய்த மாற்றம் எளியது. ஹைட்ரஜன் வரும் பாதையில் மின்சாரம் போனால் தானாக மூடும் வால்வு. நைட்ரஜன் சிலிண்டர் பாதையில் மின்சாரம் போனால் தானாகத் திறக்கும் வால்வு. இரண்டும் ஸ்பிரிங்கால் வேலை செய்பவை, பேட்டரியை நம்பியிருக்கவில்லை. உலை 300-க்கு இறங்குவதற்குள் மெம்ப்ரேனின் இருபக்கமும் நைட்ரஜன் ஓடி ஹைட்ரஜனை வெளியே தள்ளிவிடும். திரும்பத் தொடங்கும்போதும் அப்படித்தான்: நைட்ரஜனில் மெதுவாகச் சூடாக்கி, 350-ஐத் தாண்டிய பிறகே ஹைட்ரஜன்.

இன்னொன்றும் இருக்கிறது, இது உயிர் சம்பந்தப்பட்டது. மின்சாரம் போனால் எக்ஸாஸ்ட் ஃபேனும் நின்றுவிடும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறியில் தீப்பிடிக்கும், அது கூரையடியில் போய்த் தேங்கும். நைட்ரஜனோ சத்தமில்லாமல் மூச்சை நிறுத்தும். ஆகவே வெளியேற்றும் குழாய் கட்டடத்துக்கு வெளியே, ஜெனரேட்டரை விட்டுத் தள்ளி முடிய வேண்டும். கேஸ் டிடெக்டருக்குத் தனி பேட்டரி கட்டாயம்.

2024-க்குப் பிறகு அட்டவணை மின்வெட்டு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் கேபிள் திருட்டும் மழையும் அட்டவணை பார்த்து வருவதில்லை. வெள்ளிக்கிழமை மாலை கிளம்பும்முன் நைட்ரஜன் சிலிண்டரின் அழுத்தத்தைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள், தம்பி. எங்கள் இடத்தில் அந்த நோட்டு கதவுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது.